ஒருவருக்குக் கேட்கவில்லை, ஒருவருக்குத் தாங்கவில்லை: சத்தத்துக்கு அளவுகோல் வந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன விடுமுறையில் நடந்த ஒரு சின்ன விஷயத்தில் இருந்து தொடங்குகிறோம். எங்கள் நண்பர் ஒருவர் கட்டாரில் இருந்து வரும்போது ஒரு ஹோம் தியேட்டர் செட் கொண்டு வந்தார். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூலையில் ஒரு சப்வூஃபர். வயர் எல்லாம் இழுத்து, படம் போட்டாயிற்று. முதல் நாளே பிரச்சினை.

நண்பரின் உம்மா சொன்னார்: "மகன், இவங்க என்னத்தப் பேசுறாங்க எண்டு ஒண்டும் வெளங்குதில்ல. சத்தத்தக் கொஞ்சம் கூட்டுங்க."

கூட்டினார். பத்து நிமிடத்தில் பக்கத்து வீட்டு ராத்தா வாசலில் வந்து நின்றார்: "தம்பி, ஒங்கட வீட்டு இடி எங்கட அலுமாரிக் கண்ணாடிய ஆட்டுது. புள்ள தூங்குதில்ல."

ஒரே பெட்டி. ஒரே நேரம். ஒருவருக்குச் சத்தம் போதவில்லை, இன்னொருவருக்குத் தாங்க முடியவில்லை. வேலிக்கு மேலால் கறிக்கோப்பை போய்வந்த இரண்டு வீடுகள், ஒரு கிழமைக்குள் முகம் பார்க்காத நிலைக்கு வந்துவிட்டன. நண்பர் எங்களிடம் கேட்டார்: "நீங்க ஸ்கூல் சேர் தானே, யார் சொல்றது சரி?"

நாங்கள் வரலாறு படிப்பிக்கிறவர்கள். ஸ்பீக்கர் பற்றி என்ன தெரியும்? ஆனால் கலாசாலையில் "அளவீடும் மதிப்பீடும்" என்று ஒரு பாடம் படித்தோம். அளக்காமல் புள்ளி போடக்கூடாது என்பதுதான் அதன் சாரம். சத்தத்தையும் அளக்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது அல்லவா? அப்படித் தேடியபோது, சத்தத்தை அளப்பதற்கே ஒரு நூறு வருட வரலாறு இருப்பது தெரிந்தது. அந்த வரலாறு முழுக்க இந்த இரண்டு வீட்டுச் சண்டைதான். அதைத்தான் எழுதுகிறோம்.

■ தொலைபேசிக் கம்பியில் தொடங்கியது

நீளத்துக்கு முழம் இருந்தது, சாண் இருந்தது. நிறைக்குப் படிக்கல் இருந்தது. சத்தத்துக்கு மட்டும் ஆயிரமாயிரம் வருடங்களாக எந்த அளவும் இருக்கவில்லை. "பலம்", "மெது" என்ற இரண்டு சொல்லோடு மனிதன் காலத்தைக் கடத்தினான். அளவு தேவைப்பட்டது தொலைபேசி வந்த பிறகுதான்.

1876இல் அலெக்சாண்டர் கிரஹம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு கம்பிகள் ஊர் விட்டு ஊர் ஓடத் தொடங்கின. தூரம் கூடக் கூடக் குரல் தேய்ந்தது. எவ்வளவு தேய்ந்தது என்று ஒரு பொறியியலாளர் இன்னொருவருக்கு எப்படிச் சொல்வது? ஆரம்பத்தில் அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். "நியமக் கம்பி ஒரு மைல் தூரம் போனால் எவ்வளவு தேயுமோ, அவ்வளவு" என்பார்கள். நமது ஊரில் "கூப்பிடு தூரம்" என்று சொல்வதைப் போலத்தான். ஆனால் அந்தத் தேய்வு கம்பியின் தன்மையைப் பொறுத்தும் ஒலியின் அதிர்வெண்ணைப் பொறுத்தும் மாறியது. அளவுகோலே மாறிக்கொண்டிருந்தால் அளந்து என்ன பயன்?

அதனால் 1924இல் பெல் நிறுவனத்தார் கம்பியை விட்டுவிட்டு, வெறும் விகிதத்தை அடிப்படையாக வைத்து ஒரு புதிய அலகை ஏற்படுத்தினார்கள். 1928இல் அதற்குப் பெல்லின் நினைவாகப் பெயர் வைத்தார்கள். ஒரு "பெல்"லின் பத்தில் ஒரு பங்கு: டெசிபல்.

இந்த அலகில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் வலு 10 மடங்கு. 20 கூடினால் 100 மடங்கு. 3 கூடினாலே ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏன் இப்படி? நமது காது கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலிக்கும், காது வலிக்கிற அளவு ஒலிக்கும் இடையில் ஒரு இலட்சம் கோடி மடங்கு வித்தியாசம் இருக்கிறது. அதைச் சாதாரண எண்ணில் எழுதினால் பூச்சியம் எண்ணியே களைத்துவிடுவோம். டெசிபலில் அது 0 முதல் 120 வரை அடங்கிவிடுகிறது. சாதாரணப் பேச்சு இதில் 60 அளவில் இருக்கும்.

ஆனால் காது இந்தக் கணக்கை அப்படியே பின்பற்றுவதில்லை. வலு 10 மடங்கு கூடினாலும், "இரண்டு மடங்கு சத்தமாக இருக்கிறது" என்றுதான் பெரும்பாலானோர் சொல்வார்கள். "கொஞ்சம்தானே கூட்டினேன்" என்று நம் பிள்ளைகள் சொல்வது பொய் இல்லை. அவர்களது காது அப்படித்தான் சொல்கிறது.

■ நியூயோர்க் தெருவில் ஒரு லொறி

1929இல் நியூயோர்க் நகரம் இரைச்சலைக் கட்டுப்படுத்த ஒரு ஆணைக்குழு அமைத்தது. உலகத்திலேயே முதன்முதலாக ஒரு பெரிய நகரத்தின் சத்தத்தைக் கருவி வைத்து முறையாக அளந்த முயற்சிகளில் அது ஒன்று. அளக்கும் கருவிகளை ஏற்றிய ஒரு லொறி தெருத் தெருவாகப் போனது. 138 இடங்களில் சுமார் 10,000 அளவீடுகள் எடுத்தார்கள். 1930இல் அறிக்கை வெளிவந்தது.

மக்கள் கொடுத்த முறைப்பாடுகளில் வாகனச் சத்தத்தோடு இன்னொன்றும் முக்கியமாக இருந்தது. வீடுகளிலும் கடை வாசல்களிலும் அலறிய வானொலிகளும் ஒலிபெருக்கிகளும்தான் அது. ஒலிபெருக்கி பொதுமக்கள் கைக்கு வந்து பத்து வருடம்கூட ஆகாத காலம் அது. அதற்குள்ளேயே பக்கத்து வீட்டுச் சண்டை வந்துவிட்டது. எங்கள் நண்பரின் வீட்டு விவகாரம் ஏறக்குறைய நூறு வருடம் பழையது.

■ காது ஏன் ஒழுங்கான சாட்சி இல்லை

அடுத்த பெரிய அடி 1933இல் வைக்கப்பட்டது. பெல் ஆய்வுகூடத்தில் ஹார்வி பிளெட்சர், வைல்டன் மன்சன் என்ற இருவர் ஆட்களை உட்கார வைத்து ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். 1000 ஹேர்ட்ஸ் ஒலி ஒன்று. வேறு அதிர்வெண் ஒலி ஒன்று. இரண்டும் சமமான சத்தமாகத் தோன்றும் வரை மாற்றி மாற்றிக் கேட்டார்கள். அதில் வந்த வளைகோடுகள் இன்றுவரை பிரபலம்.

அவை சொன்ன செய்தி இதுதான்: காது எல்லா ஒலியையும் ஒரே மாதிரி மதிப்பதில்லை. மெதுவாகக் கேட்கும்போது அடித்தொண்டை ஒலிகள், அதாவது நாம் "பேஸ்" என்கிறோமே, அவை காதுக்கு மறைந்துபோகின்றன. பலமாகக் கேட்கும்போதுதான் அவை எழும்பி வருகின்றன. பழைய அம்ப்ளிஃபயர்களில் "லவுட்னஸ்" என்று ஒரு பொத்தான் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? மெதுவாகக் கேட்கும்போது இழந்த பேஸைத் திருப்பிக் கொடுக்கத்தான் அது.

1936இல் அமெரிக்காவில் ஒலிமட்ட மானிக்கு முதல் நியமம் வந்தது. மானியும் காதைப் போலக் கேட்கவேண்டும் என்பதற்காக "நிறையிடல்" என்ற முறையை வைத்தார்கள். இன்று மானியில் ஏ, சி என்ற இரண்டு எழுத்துகளைக் காணலாம். ஏ என்பது மெதுவான சத்தத்துக்குக் காது நடந்துகொள்ளும் விதம். 50 ஹேர்ட்ஸ் போன்ற ஆழ்ந்த ஒலியை ஏ சுமார் 30 டெசிபல் குறைத்துத்தான் காட்டும். சி என்பது பலமான சத்தத்துக்கானது. அதே ஒலியை அது 1 டெசிபல் அளவே குறைக்கும்.

இந்த இடத்தில் பக்கத்து வீட்டு ராத்தாவை நினைத்துப் பார்த்தோம். சுவர் கூர்மையான ஒலிகளைத் தடுத்துவிடும். ஆழ்ந்த ஒலியை அவ்வளவு இலகுவாகத் தடுக்காது. எனவே அவர் வீட்டுக்குப் போவது படத்தின் பேச்சு அல்ல; இடி மட்டும். அதை ஏ நிறையிடலில் அளந்தால், "இது ஒன்றும் பெரிய சத்தம் இல்லையே" என்று மானியே அவரைப் பொய்யராக்கியிருக்கும். எதை வைத்து அளக்கிறோம் என்று தெரியாமல் அளப்பதும் ஒரு அநியாயம்தான்.

■ ஒரு இசைக்குழு, மூன்று ஸ்பீக்கர்

அதே 1933, ஏப்ரல் 27. பிலடெல்பியா நகரத்தில் ஒரு இசைக்குழு வாசிக்கிறது. கேட்பவர்களோ தூரத்தில், வொஷிங்டன் நகர மண்டபத்தில் இருக்கிறார்கள். மேடையில் ஆட்கள் இல்லை. இடது, நடு, வலது என்று மூன்று ஒலிபெருக்கித் தொகுதிகள் மட்டும். தொலைபேசிக் கம்பி வழியாக மூன்று தனித்தனி ஒலிகள் வந்தன. அந்த இசைக்குழுவின் தலைவர் லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கி வொஷிங்டனில் கட்டுப்பாட்டுப் பலகையின் முன்னால் அமர்ந்து, சத்தங்களைச் சீர்செய்துகொண்டிருந்தார். இந்தப் பரிசோதனைக்குப் பின்னாலும் பிளெட்சரின் குழுதான் இருந்தது.

இன்று நம் வீட்டு ரிவிக்குக் கீழே இருக்கும் இடது, நடு, வலது ஸ்பீக்கர்களின் மூதாதையர் அவைதான். அன்றே ஒரு பாடம் தெரிந்தது: ஸ்பீக்கர் ஒன்றுக்கு மேல் போனால், "எவ்வளவு சத்தம்" என்ற கேள்வியோடு "ஒன்றுக்கொன்று எவ்வளவு" என்ற கேள்வியும் பிறக்கிறது. ஒன்று மற்றதை விழுங்கக்கூடாது.

1940இல் டிஸ்னியின் "ஃபன்டாசியா" படம் வந்தபோது ஸ்டொகோவ்ஸ்கி மீண்டும் வருகிறார். அந்தப் படத்துக்காக "ஃபன்டசவுண்ட்" என்ற முறையை உருவாக்கினார்கள். ஒலிக்கு மூன்று தடங்கள், அவற்றோடு நான்காவதாக ஒரு தடம். அந்த நான்காவது தடத்தில் இசை இல்லை. மற்ற மூன்றின் சத்தத்தையும் எங்கே கூட்டவேண்டும், எங்கே குறைக்கவேண்டும் என்று சொல்லும் கட்டளை மட்டுமே இருந்தது. தயாரித்தவர் நினைத்த அளவிலேயே பார்ப்பவர் கேட்கவேண்டும் என்பதற்காக இவ்வளவு பாடு. செலவு தாங்காமல் ஒருசில அரங்குகளோடு அது நின்றுவிட்டது.

இடையில் வானொலிக்காரர்களுக்கும் இதே தலைவலி. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமான மானி வைத்திருந்தது. ஒரே நிகழ்ச்சியை ஒரு மானி ஒரு மாதிரியும் மற்றது வேறு மாதிரியும் காட்டும். கடைசியில் சீ.பி.எஸ்., என்.பி.சி., பெல் ஆய்வுகூடம் மூன்றும் உட்கார்ந்து பேசி, 1939இல் ஒரே மானியை ஏற்றுக்கொண்டன. பழைய கெசட் செட்களில் ஒரு முள் துள்ளிக்கொண்டிருக்குமே, அந்த வி.யூ. மீற்றர்தான் அது.

■ 85 என்ற உடன்படிக்கை

சினிமாவுக்கு வருவோம். படத்தின் ஒலியைக் கலப்பவர் ஒரு அறையில் இருந்து கலக்கிறார். அவர் காதுக்குச் சரியாக இருந்தது, ஆயிரம் மைல் தூரத்தில் இருக்கும் தியேட்டரிலும் அப்படியே கேட்கும் என்று என்ன உத்தரவாதம்?

1965இல் ரே டொல்பி தொடங்கிய நிறுவனம் 1970களில் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. வழி இலகுவானது. எல்லா அதிர்வெண் பட்டைகளிலும் சமமான வலு உள்ள ஒரு "ஸ்ஸ்ஸ்" என்ற இரைச்சலை ஓடவிடுவது. மழை தகரத்தில் பெய்வதைப் போல இருக்கும். இதற்குப் "பிங்க் நொய்ஸ்" என்று பெயர். அதை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் தனித்தனியாக ஓடவிட்டு, ஆசனத்தில் மானியை வைத்து, 85 டெசிபல் காட்டும்வரை சரிசெய்வது. கலக்கும் அறையிலும் 85. தியேட்டரிலும் 85. ஒலிப்பெட்டியின் வொலியூம் 7 என்ற இடத்தில் இருந்தால் அதுதான் அந்த அளவு. இனி யாரும் காதால் ஊகிக்கத் தேவையில்லை.

85க்கு மேல் இன்னும் 20 டெசிபல் இடம் ஒதுக்கி வைத்தார்கள். இடி, வெடி, விமானம் எல்லாம் 105 வரை போகலாம். பேச்சு கீழே ஆறுதலாக இருக்கும். மெதுவுக்கும் பலத்துக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளிதான் படத்தின் உயிர்.

1983இல் "ரிட்டர்ன் ஒஃப் த ஜெடாய்" வந்தபோது, ஜோர்ஜ் லூகாஸின் நிறுவனத்தில் இருந்த டொம்லின்சன் ஹோல்மன் உருவாக்கிய "டீ.எச்.எக்ஸ்." முறை அறிமுகமானது. தியேட்டரை வந்து அளந்து, சரியாக இருந்தால்தான் சான்றிதழ். படம் எடுப்பவருக்கும் காட்டுபவருக்கும் நடுவே இருந்த நம்பிக்கை முதன்முறையாகப் பத்திரத்தில் எழுதப்பட்டது என்று சொல்லலாம்.

■ தியேட்டர் வீட்டுக்குள் வந்தது

1982இல் டொல்பி சரவுண்ட் வீட்டுக்கு வந்தது. 1987இல் வந்த புரோ லொஜிக் நடு ஸ்பீக்கரையும் வீட்டுக்குள் கொண்டு வந்தது. அந்தக் காலத்து ரிசீவர்களிலேயே ஒரு வசதி வைத்தார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் "ஸ்ஸ்ஸ்" என்ற அதே இரைச்சல் இடது, நடு, வலது, பின்பக்கம் என்று ஒவ்வொன்றாகச் சுற்றி வரும். 1996இல் ஜப்பானில் டிவிடி வெளிவந்தது. ஆறு தனித்தனி ஒலித்தடங்கள் சாதாரண வீட்டுக்குள் வந்துவிட்டன.

வீட்டில் 85இல் இரைச்சலை ஓடவிட்டால் காது வலிக்கும். அதனால் ரிசீவருக்குள் இருக்கும் சோதனை இரைச்சலை 10 டெசிபல் குறைத்து வைத்தார்கள். மானியில் 75 வரும்படி ஒவ்வொரு ஸ்பீக்கரையும் சரிசெய்தால் போதும். அப்போது ரிசீவரின் வொலியூம் 0 என்று காட்டும் இடம்தான் தியேட்டரின் 85. பல ரிசீவர்களில் வொலியூம் -20, -30 என்று கழித்தல் எண்ணில் காட்டுவதற்குக் காரணம் இதுதான். 0 என்பது சத்தம் இல்லாத இடம் அல்ல, முழுச் சத்தம். -20 என்பது அதிலிருந்து 20 டெசிபல் கீழே.

2000களின் தொடக்கத்தில் இருந்து ரிசீவரோடு ஒரு சின்ன ஒலிவாங்கியையே கொடுக்கத் தொடங்கினார்கள். அதை ஆசனத்தில் வைத்தால் பெட்டியே அளந்து, தானே சரிசெய்துகொள்ளும். எங்கள் நண்பரின் பெட்டிக்குள்ளும் அது இருந்தது. பொலித்தீன் உறைகூடப் பிரிக்கப்படவில்லை!

இன்னொன்றும் உண்டு. 85 என்பது பெரிய மண்டபத்துக்கான எண். சின்ன அறையில் அதே எண் காதை அறையும். அமெரிக்கத் தொலைக்காட்சி நியமக் குழுவான ஏ.டி.எஸ்.சி. 2009இல் வெளியிட்ட ஏ/85 ஆவணத்தில் இதை அறையின் கன அளவைப் பார்த்துப் பிரித்தார்கள். 20,000 கன அடி அல்லது அதற்கு மேல் 85. 1,500 முதல் 5,000 கன அடிக்குள் 78. 1,500க்குக் கீழே 76. நண்பரின் ஹோல் 12 அடிக்கு 15 அடி, உயரம் 9 அடி. பெருக்கிப் பாருங்கள்: 1,620 கன அடி. அப்படியானால் அவருக்கு 78. அதாவது வொலியூம் -7க்கு மேல் போகவேண்டிய எந்தத் தேவையும் இல்லை.

■ உடன்படிக்கை உடைந்த கதை

எண் மட்டும் இருந்தால் போதாது. மனிதர்கள் அதற்குக் கட்டுப்படவும் வேண்டும். 1990களில் டிஜிட்டல் ஒலி வந்ததும், கிடைத்த இடைவெளியை எல்லாம் சத்தத்தால் நிரப்பத் தொடங்கினார்கள். ஒரு முன்னோட்டத்தை விட மற்றது பலமாக இருக்கவேண்டும் என்ற போட்டி. சனம் முறைப்பட்டது. தியேட்டர்காரர் 7இல் இருந்த வொலியூமை 5க்கு, 4க்கு இறக்கினார். முன்னோட்டம் அடங்கியது. ஆனால் அதற்குப் பிறகு ஓடிய படத்தின் பேச்சும் விளங்காமல் போனது.

டொல்பி நிறுவனத்தின் அயன் அலன் 1997இல் இதைப் பற்றி, "படங்கள் அளவுக்கு மீறிச் சத்தமா?" என்று கேட்டு ஒரு கட்டுரையே எழுதினார். கூட்டிக் கலந்தவர் ஒருவர், குறைத்துப் போட்டவர் இன்னொருவர், நட்டம் பார்க்க வந்தவருக்கு. தொலைக்காட்சி விளம்பரங்களிலும் இதே கதைதான். நிகழ்ச்சியை விட விளம்பரம் பலமாக அலறக்கூடாது என்று அமெரிக்கா 2010இல் சட்டமே போட்டது. 2012 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது.

நமது நாட்டிலும் சத்தத்துக்கு எண் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் வந்த ஒழுங்குவிதிகளின்படி, பிரதேச சபைப் பகுதிகளில் எல்லைச் சத்தம் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மாநகர, நகர சபைப் பகுதிகளில் 63, 50. பாடசாலை, வைத்தியசாலை போன்ற இடங்களைச் சுற்றி 50, 45. வெலிகமப் பகுதியில் ஒரு பள்ளிவாசல் ஒலிபெருக்கி தொடர்பாகத் தொடங்கிய வழக்கில், 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்குவதைப் பொதுவாகத் தடுத்து, சில விலக்குகளோடு வழிகாட்டல் கொடுத்தது. அது எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவான விதி. அதைப் பற்றி ஊரில் பல அபிப்பிராயம் உண்டு. ஆனால் ஒன்றில் எல்லோரும் ஒத்துப்போகலாம்: "உங்கட சத்தம் கூட", "இல்லை, குறைவு" என்று வாயால் சண்டை பிடிப்பதை விட, ஒரு மானியைக் கொண்டுவந்து வைப்பது மனக்கசப்பைக் குறைக்கும்.

■ கடைசியில் நண்பர் வீட்டில் என்ன நடந்தது?

பௌதிகவியல் படிப்பிக்கும் சக ஆசிரியர் ஒருவரிடம் கையடக்க ஒலிமட்ட மானி இருந்தது. இரண்டு பேருமாகப் போனோம். மின்விசிறியை நிற்பாட்டி, யன்னலைச் சாத்தி, உம்மா வழமையாக இருக்கும் கதிரையில், அவர் காது இருக்கும் உயரத்தில் மானியை வைத்தோம். சி நிறையிடல், "ஸ்லோ" வேகம். ரிசீவரின் சோதனை இரைச்சலை ஒவ்வொரு ஸ்பீக்கராக ஓடவிட்டோம்.

இடது 75. வலது 75. பின்னால் இரண்டும் 79. சப்வூஃபர் 86. நடு ஸ்பீக்கர்? 67.

படத்தில் பேச்சின் பெரும்பகுதி வருவது அந்த நடு ஸ்பீக்கரில். அதை ரிவி அலுமாரிக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். பின்பக்க ஸ்பீக்கர்கள் கதிரைக்கு மிகக் கிட்ட. சப்வூஃபரோ இரண்டு சுவர் சேரும் மூலையில். மூலை ஆழ்ந்த ஒலியை மேலும் பெருக்கும். அந்தச் சுவருக்கு அப்பால்தான் ராத்தாவின் பிள்ளை தூங்கும் அறை.

நடு ஸ்பீக்கரை வெளியே எடுத்தோம். சப்வூஃபரை மறுபக்கம் நகர்த்தினோம். பிறகு ரிசீவரில் எல்லாவற்றையும் 75க்குக் கொண்டு வந்தோம். முன்பு வொலியூம் -12இல் வைத்தும் விளங்காத பேச்சு, இப்போது -18இல் நன்றாக விளங்கியது.

கணக்கைப் பாருங்கள். நடு ஸ்பீக்கர் 8 கூடி, வொலியூமில் 6 குறைந்ததால், பேச்சு முன்பைவிட 2 டெசிபல் கூட. பின்பக்கம் 10 டெசிபல் குறைவு. சப்வூஃபர் 17 டெசிபல் குறைவு. அதாவது அதன் ஒலி வலு ஏறக்குறைய 50இல் ஒரு பங்கு. உம்மாவுக்குக் கூடியது, ராத்தாவுக்குக் குறைந்தது. இரண்டும் ஒரே நேரத்தில். இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். பொய் சொன்னது பெட்டி.

மானி இல்லாதவர்கள் போனில் உள்ள செயலியைப் பாவிக்கலாம். அது காட்டும் எண் சில டெசிபல் பிழையாக இருக்கலாம். சப்வூஃபருக்கு நம்பவே வேண்டாம். ஆனால் ஒரு ஸ்பீக்கரோடு இன்னொன்றை ஒப்பிட அது உதவும். முன்னால் உள்ள மூன்றும் பின்னால் உள்ள இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் பாதி வேலை முடிந்தது. பெட்டியோடு வந்த ஒலிவாங்கி இருந்தால் அதன் உறையைப் பிரியுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 85 டெசிபல் என்பது படத்துக்கு ஒரு நல்ல எண்ணாக இருக்கலாம். நாள் முழுக்கக் காதுக்கு நல்லதல்ல. தொழிலாளர் பாதுகாப்புக்கான அமெரிக்க நிறுவனம் நயோஷ், 85இல் 8 மணித்தியாலம், 88இல் 4, 91இல் 2 என்று எல்லை வைத்திருக்கிறது. 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகிறது. போன காது திரும்பி வராது. வகுப்பில் இரண்டாவது தடவை கேட்டால்தான் விளங்கும் பிள்ளைகளை நாங்கள் காண்கிறோம்.

இந்தப் பதிவை எழுதிக்கொண்டிருக்கும்போது நண்பரிடம் இருந்து அழைப்பு வந்தது. வேலிக்கு மேலால் ஒரு கோப்பை வட்டிலப்பம் வந்ததாம்.

எங்கள் பாடசாலை மண்டபத்திலும் இதே வேலை பாக்கி இருக்கிறது. முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்துகிறார்கள், பின்வரிசைப் பிள்ளைகள் "கேக்குதில்ல சேர்" என்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் மானியோடு போய் ஒவ்வொரு வரிசையாக அளக்கப் போகிறோம். உதவிக்கு வர விரும்புகிறவர்கள் கீழே சொல்லுங்கள்.